போனை மூடி அரட்டை அறையைத் திறந்தோம்

1. சாமைங்களா?

சிடியின் அட்டையில் உதவிக்கு என்று ஒரு போன் நம்பர் அச்சாகியிருந்தது. மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தின் நம்பர் அது. சிடி வெளியாகிக் கொஞ்ச நாள் வரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஒரு சந்தை நாளில், பூத்துக்குள் ஆள் நெருக்கிக்கொண்டு நின்றபோது மணி அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஏனுங்க, சாமைங்களா?"

"ஆமாங்க, சாமைதானுங்க" என்றேன். வரிசையில் நின்ற வாழைக்காய் வியாபாரி விடவில்லை. "பூத்துக்காரரு தானிய யாவாரத்துலயும் எறங்கிட்டாரு. படி என்ன வெலைங்க?" என்றார். பூத்தே சிரித்தது.

பேசியவர் ஜப்பார் பாய். அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் அச்சுக்கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மிளகு மூட்டைக்கு ஒட்டுகிற லேபிள் எல்லாம் அடிப்பார். அன்றைக்கு என்னிடம் மேலே மழையா என்று கேட்டார். மிளகு இந்த வருசம் எப்படி என்றார். எனக்கு எத்தனை பிள்ளைகள், பூத்து நன்றாக ஓடுகிறதா, எல்லாம் கேட்டார். கடைசியில், "சிடி அருமைங்க. வேற ஒன்னுமில்லை. வெச்சிடட்டுங்களா?" என்றார்.

"சரிங்க பாய்."

"வெச்சிடறேனுங்க... ஆங், ஒன்னே ஒன்னு. பிரிண்டர் மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது."

'சாமை'க்கு வந்த முதல் உதவிக் கேள்வி அதுதான். போனை வைக்கப் போன கை நின்ற இடத்தில் அது வந்தது.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு 'சாமை' என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய, பக்கம் அமைக்க, அச்சடிக்க என்று ஒரு லினக்ஸ் சிடி. யாரும் எடுத்துக்கொள்ளலாம், நகல் போட்டு நாலு பேருக்குக் கொடுக்கலாம், தெரிந்தவர்கள் உள்ளே பிரித்துத் திருத்தலாம். சென்னையிலும் சேலத்திலும் வெளிநாட்டிலும் இருந்த இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து செய்தது. நான் பத்தாவதோடு நின்றவன். பூத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, பிரித்துப் போட்டு, கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன். மெனுவில் வருகிற சொற்களைத் தமிழாக்கிக் கொடுக்கப் போய் அந்தக் குழுவில் ஒட்டிக்கொண்டேன். "சின்னதா இருக்கும், ஆனா வயிறு நெறையும்" என்று நான் எங்கள் மலைச் சாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் அந்தப் பேரை வைத்தார்கள். உதவி கேட்பவர்களைக் கவனிக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். "அண்ணனுக்குப் பேச்சுன்னா சோறு வேண்டாம்" என்று ஒரு காரணமும் சொன்னார்கள்.

2. செருப்பைத் தேடும்போது

தொண்ணூற்றேழில் பூத்து திறந்ததிலிருந்து நான் ஒன்று கவனித்திருந்தேன். மீட்டரில் காசு ஏறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் எங்கள் ஆட்கள் மழை, மாடு, காய்ச்சல், கோயில் என்று சுற்றித்தான் பேசுவார்கள். எங்கள் மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம். எடப்புளி நாட்டிலிருந்து வந்த ஒருவர் திருப்பூரில் இருந்த தம்பியிடம் அப்படித்தான் பேசினார். மரவள்ளிக்கிழங்கு போட்டதைச் சொன்னார், பன்றி வந்து கிளறியதைச் சொன்னார். "சரி, வெச்சிடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான், "அப்பனை ஆஸ்பத்திரியில சேத்திருக்குது" என்றார்.

சந்தையில் அன்னாசி விற்கிற பழனியம்மா அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் பழத்தைச் சீவிக்கொண்டே, "பேச்சு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வரும் சாமி. காரியம், செருப்பைத் தேடும்போதுதான் வாயத் தொறக்கும்" என்றார். எவ்வளவு பெரிய சொல்! அதை நான் பல பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். வேண்டிய நேரத்தில்தான் அது எனக்கு உதவவில்லை.

'சாமை' பரவியது. திருவாரூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போன் வந்தது. எல்லோருக்கும் அதே நாலைந்து கேள்விதான். பிரிண்டர், எழுத்துரு, ஒலி வரவில்லை, இன்டர்நெட் பேச மாட்டேன் என்கிறது. ஒரே பதிலைக் காலையிலிருந்து சாயந்தரம் வரை சொல்வேன். பூத்துக்கு வந்த ஆட்கள் லைன் கிடைக்காமல் அடுத்த பூத்துக்குப் போனார்கள். என் மனைவி சோற்றுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் போனுக்கே ஒரு தாலியைக் கட்டிடுங்க. ஒரு ஊட்டுல ரெண்டு பேரு எதுக்கு?" என்றாள்.

ஜப்பார் பாய் மட்டும் கேள்வி இல்லாமலும் கூப்பிடுவார். அவர்தான் கடை முழுவதையும் 'சாமை'க்கு மாற்றிய முதல் ஆள். அடிவாரத்தில் மற்ற கடைக்காரர்கள் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டு நகல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "களவு மாலுல பத்திரிகை அடிச்சுக் குடுத்தா அந்தக் கல்யாணத்துக்கு எப்படிங்க பரக்கத்து வரும்?" என்பார் பாய். அவர்களிடமும் போய், எல்லோரும் இதற்கு மாறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். முதலில் உன் கடையில் பெரிய வேலை ஒன்றை இதில் முடித்துக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

பெரிய வேலை வந்தது. குண்டூர் நாட்டில் மாலைப் பள்ளி நடத்திய சின்னப்பொண்ணு டீச்சர், மலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு முதல் வாசிப்புப் புத்தகம் எழுதியிருந்தார். கொக்கு, கோழி, தேன்கூடு என்று பிள்ளைகள் கண்ணில் பார்க்கிற பொருள்கள். பள்ளி திறப்பதற்குள் வேண்டும் என்று அதை ஜப்பார் பாயிடம் கொடுத்தார். பாய் எனக்குப் போன் போட்டு, "முழுக்க முழுக்கச் சாமையிலதானுங்க. கடைசிப் பக்கத்துல அதையும் அச்சுப் போடப் போறேன்" என்றார். அந்தப் புத்தகம் வந்தால் அடிவாரமே மாறும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

3. எப்பவும் ஆள் இருப்பாங்க

இந்த நேரத்தில்தான் குழு சேலத்தில் கூடியது. எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தது பிரசன்னா என்ற சென்னைத் தம்பி. தங்கமான பையன். ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டுக் காலையில் ஆபீஸ் போவான். அவன் எழுந்து சொன்னான்.

"அண்ணா, போன்ல நீங்க சொல்ற பதில் ரெண்டு பேர் காதோட செத்துப் போவுது. அதையே மடலாடற்குழுவுல எழுதினா அப்படியே இருக்கும். நாளைக்கு நூறு பேர் தேடி எடுப்பாங்க. அவசரம்னா அரட்டை அறை இருக்கு, யாராவது பதில் சொல்வாங்க. நீங்க ஒருத்தர் ஏன் கஷ்டப்படணும்?"

மடலாடற்குழு என்றால், ஒருவர் எழுதும் மின்னஞ்சல் குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும், பழைய மடல்கள் சேர்ந்துகொண்டே வரும். அரட்டை அறை என்றால், எல்லோரும் ஒரே திரையில் தட்டித் தட்டிப் பேசுவது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் விதிமுறை எழுதினார்கள். ஒரு மடலில் ஒரு கேள்வி. பழைய மடல்களைத் தேடிவிட்டுக் கேள். நலமா, சௌக்கியமா வேண்டாம். 'கேட்கலாமா என்று கேட்காதீர்கள், நேராகக் கேளுங்கள்.' உலகம் பூரா இப்படிப்பட்ட குழுக்களில் இருக்கிற விதிதான்.

"தம்பி, எங்க பக்கத்து ஆளுங்க நேரா கேக்க மாட்டாங்களே" என்றேன்.

"கம்ப்யூட்டர் முன்னாடி என்னண்ணா கூச்சம்? மூஞ்சிதான் தெரியாதே" என்றான்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், என் காது ஓய்ந்து போயிருந்தது. சரி என்றேன். அடுத்த சிடி அட்டையில் என் நம்பர் இல்லை.

கூப்பிட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். பாயிடமும் சொன்னேன். "இனிமே போன் வேண்டாமுங்க பாய். குழுவுல எழுதுங்க. இல்லைன்னா அரட்டை அறைக்கு வந்துடுங்க. அங்க எப்பவும் ஆள் இருப்பாங்க."

"எப்பவுமுங்களா? பரவால்லையே, டீக்கடையாட்டம்" என்றார். அன்றைக்கு அவர் சந்தோசமாகத்தான் போனை வைத்தார்.

4. நம்ம அறைக்கு வருகிற ஆவி

எங்கள் மலையில் கோடை மழை இடியோடு வரும். அந்த வருசம் ஒரு மத்தியானம் இடி இறங்கி என் மோடம் கருகிப் போனது. புதுசு வர நாளாகும் என்றார்கள். குழுவையும் பார்க்க முடியவில்லை, அறையையும் பார்க்க முடியவில்லை. போன் லைன் மட்டும் சரியாகிவிட்டது. அது அடிக்கவே இல்லை. நான் பூத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, 'சாமை' இப்போது தானாக நடக்கக் கற்றுக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்பார்கள். சௌக்கியம் என்றும் நானே ஒரு அர்த்தம் சேர்த்துக்கொண்டேன்.

பள்ளி திறக்கப் போகிற சமயத்தில் மறுபடி சேலத்தில் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டில் பிரசன்னா எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணா, நீங்க இல்லாதப்போ நம்ம அறைக்கு ஒரு ஆவி வர ஆரம்பிச்சிருச்சு."

"ஆவியா?"

"ஆமாண்ணா. மத்தியானம் ஆச்சுன்னா வந்துரும். 'அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் சௌக்கியமுங்களா'ன்னு போடும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்புறம், 'அங்க மழைங்களா'ன்னு கேக்கும். மெட்ராஸ்ல ஏதுண்ணா மழை, வேர்வைதான்! கடைசியில 'சரிங்க, வாரேன்'னு சொல்லிட்டு மறைஞ்சிரும். மறுநாளும் வரும்."

பந்தியே சிரித்தது. "ஆவிக்கு மழைன்னா பயம் போல" என்றான் இன்னொரு பையன்.

கையிலெடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "யாருமே பதில் சொல்லலையா?" என்றேன்.

"கேள்வியே கேக்கலையேண்ணா. எதுக்குப் பதில் சொல்றது?"

"சலாம் சொன்னாருல்ல, அதுக்கு."

அது யார், எந்தக் கடை, என்ன புத்தகம் என்று சொன்னேன். பிரசன்னா இலையை மடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "குழுவுலயும் அவர் ஒரு மடல் எழுதினாருண்ணா. பெருசா. மிளகு விலை, உங்களுக்கு மோடம் போனதைச் சந்தைக்காரங்க சொன்னது, அவங்க வீட்டுல பேரன் பொறந்தது... நான் மேலாப்புல பாத்துட்டு விதிமுறைப் பக்கத்தைப் படிங்கன்னு அனுப்பிட்டேன். இப்பத்தான் ஞாபகம் வருது, கடைசி வரியில 'கொக்கு'ன்னு என்னமோ இருந்துச்சு."

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. புதுப் பதிப்பில் ஒரு கோளாறு இருந்ததைக் காலைக் கூட்டத்தில்தான் பேசியிருந்தோம். திரையில் எழுத்து சரியாக இருக்கும். அச்சில் வரும்போது முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். கொக்கு, கோழி, தேன் எல்லாம் உடைந்து வரும். அச்சிடும்போது திரையில் வருகிற பெட்டியில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். குழுவில் மூன்று நாலு பேர் கேட்டு, பதிலும் அங்கே பத்திரமாக இருந்தது. பிரசன்னா சொன்ன மாதிரியே, தேடினால் கிடைக்கிற இடத்தில்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளை அழுவதற்கு முன்னால், அம்மா நல்லாயிருக்கியா என்று கேட்கும். அதற்கு யார் பால் கொடுப்பது?

5. வாசற்படி

மலைக்குத் திரும்பாமல் நேராகச் சேந்தமங்கலம் போனேன். பாய் கடையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க பூத்துக்காரரே! மேல மழைங்களா?" டீ சொன்னார். அவருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திரையில் 'சாமை' இல்லை. மற்ற கடைகளில் ஓடுகிற அதே நகல் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இவருதானுங்களா அந்த ஓசி சிடிக்காரரு? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு பாய் பாக்கலீங்க. கடைசியில பாத்தா, பல்லே இல்லாத மாடு!"

"நீங்க போய்ச் சட்டியத் தட்டுங்க" என்றார் பாய். சிரிக்கத்தான் செய்தார். முகம் சிரிக்கவில்லை.

புத்தகத்தின் பழைய சோதனை அச்சைக் காட்டினார். முதல் பக்கத்தில் கொக்கின் படம் அழகாக இருந்தது. அதன் கீழே கொம்பு இடம் மாறி, 'கொக்கு' கால் ஒடிந்து கிடந்தது. "பெரியவங்கன்னா தப்புன்னு தெரிஞ்சுக்குவாங்க. குண்டூர் நாட்டுக் கொழந்தைங்க எழுத்தையே இதுலதானுங்க மொதமொதல்ல பாக்கப் போகுது. இப்படித்தான் எழுதோணும்போலன்னு மனசுல வாங்கிக்கிட்டா? டீச்சரு வேற வந்து வந்து நின்னாங்க. அதான், முழுக்க மறுபடியும் இதுல கோத்துட்டேன். பாதி அச்சு ஓடிருச்சுங்க."

நான் அவருடைய இன்னொரு கம்ப்யூட்டரில் 'சாமை'யைத் திறந்தேன். அந்த ஒரு டிக்கை எடுத்தேன். ஒரு தாள் அச்சடித்தேன். 'கொக்கு' நேராக நின்றது.

பாய் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாஷா அல்லா. இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் பாய்."

தாளை மடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்தார். அதன்மேல் ஒரு கத்தரிக்கோலை வைத்தார்.

"ஏன் பாய் எனக்கு ஒரு போன் அடிக்கலை?"

"நீங்கதானுங்களே வேண்டாம்னீங்க. வேண்டாம்னு சொன்ன ஊட்டுக் கதவைத் தட்டறது மரியாதைங்களா?"

"அடுத்த வேலையை இதுல பண்ணலாமுங்களா?"

"பாக்கலாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயந்தரம் மலைக்குப் போகிற பஸ் வந்தது. பாய் என்னோடு நிறுத்தம் வரை நடந்து வந்தார். வழியெல்லாம் பேரனைப் பற்றித்தான் பேசினார். நான் படியில் கால் வைத்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்போதுதான் பாய் கேட்டார்.

"பூத்துக்காரரே, ஒன்னே ஒன்னுங்க. ஆளில்லாத ஊட்டுக்குள்ள நொழைஞ்சாலும் சலாம் சொல்லோணும்னு எங்கள்ல ஒரு முறை உண்டு. அந்த அறையில அப்படி நெனச்சுத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இருந்தாலும் கேக்கறேன். அப்ப அங்க ஆள் இருந்தாங்களா?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"இருந்தாங்க பாய். நெறையப் பேரு இருந்தாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இல்லைன்னு சொல்லியிருக்கலாமுங்க நீங்க" என்று சிரித்தார். "சரி, ஏறுங்க. வண்டி எடுத்துட்டான்."

மலைப் பாதையின் எழுபது வளைவும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

6. பிறகு

பிரசன்னா அந்த வாரமே விதிமுறையை மாற்றினான். நான் சொல்லி அல்ல, அவனாகவே. அறைக்கு யார் வந்து என்ன வணக்கம் சொன்னாலும் பதில் வணக்கம் போட வேண்டும். போகிறேன் என்று சொன்னால், 'வேற ஏதாவதுங்களா?' என்று ஒரு தடவை கேட்க வேண்டும். சந்தை நாளில் மட்டும் என் போன் மறுபடி திறந்தது. போனில் வந்த கேள்வியையும் பதிலையும் நானே குழுவில் எழுதிப் போடுவேன், அவன் ஆசைப்பட்ட மாதிரி நூறு பேருக்குக் கிடைக்கட்டும் என்று. இரண்டு கதவும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்தன. வெளியூரிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். நின்றார்கள். சிலர் பதில் சொல்கிறவர்களாகவும் ஆனார்கள்.

அடிவாரம் மட்டும் வரவில்லை. மாலைப் பள்ளிப் புத்தகம் நேரத்துக்கு வந்தது, எழுத்தெல்லாம் சுத்தமாக. கடைசிப் பக்கத்தில் 'சாமை' என்ற பேர் இல்லை.

நீங்கள் ஏதாவது ஒரு மென்பொருளை நாலு பேருக்காகச் செய்து, அவர்களுக்கு எந்த வழியில் உதவலாம் என்று உட்கார்ந்து யோசிக்கிறீர்கள் என்றால், எது வேகம், எது மிச்சம், எது பதிவாக நிற்கும் என்று கட்டாயம் பாருங்கள். அதோடு, அந்த ஊர் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து எப்படி விடைபெறுகிறார்கள் என்பதையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேள்வி வருகிற இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். நீங்கள் இருக்கிற இடத்துக்குக் கேள்வி வராது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நல்ல மனிதர் செலவாகிப் போனார்.

ஜப்பார் பாயைச் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அப்புறமும் பல தடவை பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொள்வார். மேலே மழையா என்பார், மிளகு எப்படி என்பார், பேரன் பள்ளிக்குப் போகிறான் என்பார். "சரிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். நான் அங்கேயே நிற்பேன், செருப்பைத் தேடுகிற அந்த நேரத்துக்காக. அவர் நடந்து போய்விடுவார். என்னிடம் கேட்பதற்கு அவருக்கு இப்போது ஒன்றும் இல்லை.